குலேந்திரனின் நிழல் கரையேறிய வருசம்

பூமியின் மேல்தொங்கலில், இதுக்கு அங்காலை மனுசர் சீவிக்க ஏலாது என்று கடவுளே கைகழுவி விட்ட இடத்தில், நோர்வே நாட்டுக்காரர் ஒரு பட்டினத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்னுக்குக் கடல், பின்னுக்கு மலை, நடுவில் சரிவைப் பிடித்துக்கொண்டு சிவப்பும் மஞ்சளுமாய் மரவீடுகள். அந்தப் பட்டினத்துச் சூரியன் அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி. கார்த்திகை முற்றினால் லீவெடுத்துக்கொண்டு போகும், தை பிறந்து ஒரு கிழமை கழிந்த பிறகுதான் திரும்பும், வந்த அன்றைக்கு இரண்டு மலைகளுக்கு நடுவால் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஓடிவிடும், பிறகு வைகாசி வந்தால் போ போ என்று துரத்தினாலும் போகாமல் இரவும் பகலும் வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மனுசரை நித்திரை கொள்ள விடாது. இடையில் வருகிற இருட்டுக் காலத்தில் மத்தியானம் மட்டும் வானம் கொஞ்சம் நீலமாய் வெளிறும். காலமை பனி கொட்டும், பின்னேரம் மழை பெய்யும், அந்த மழை றோட்டிலேயே இறுகிக் கண்ணாடியாகிவிடும், சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் பூட்டாமல் வெளிக்கிட்டவர் இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்பார்.

அங்கேயும் எங்கட சனம் இருக்கிறது. எங்கேதான் இல்லை? சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய சனம், ஓடுகிறதுதான் ஓடுகிறோம், வெடிச்சத்தம் கேட்காத தூரத்துக்கு ஓடுவோம் என்று அந்த ஊர் மீன் பக்டரி வரைக்கும் ஓடி, அங்கே கத்தியும் கையுமாய் நின்று, சங்கம் அமைத்து, சங்கத்துக்குள் சண்டை பிடித்து, இரண்டு சங்கமாகி, பிறகு குளிர் தாங்காமல் ஒன்றாகி, நல்லபடியாகத்தான் இருந்தது.

அந்தச் சனத்துக்குத் தைப்பொங்கல்தான் பெரிய தலையிடி. பொங்கல் சூரியனுக்குப் படைக்கிறது. தை முதல் நாள் அந்த ஊரில் சூரியனே கிடையாது. ஆள் இல்லாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற கதைதான். வந்த புதிதில் இதுக்காகச் சங்க மண்டபத்தில் கதிரை பறந்தது. கடைசியில் பஞ்சலிங்கம் அண்ணைதான் தீர்ப்புச் சொன்னார். பஞ்சலிங்கம் அண்ணை அந்த ஊர் பஸ் ஓட்டுகிறவர். ஐயர் ஒருவரைக் கூப்பிடுவதென்றால் விமானம் மூன்று மாறி வரவேண்டும் என்பதால், கலியாணம் காதுகுத்து செத்தவீடு எல்லாத்துக்கும் பஸ் உடுப்பைக் கழற்றிவிட்டு வேட்டியோடு வந்து நிற்கிறவரும் அவர்தான்.

"விருந்தாளி வாற அண்டைக்குத்தான் உலை வைக்கிறது. அவர் வரட்டும், பொங்குவம்" என்றார்.

அன்றுமுதல் சூரியன் திரும்பி வருகிற நாளே அந்த ஊரில் பொங்கல் நாள். நோர்வேக்காரப் பிள்ளைகள் மலையில் ஏறி நின்று பாட்டுப் பாடி, நடுவில் பழக்களி வைத்த பணிஸ் தின்று சூரியனை வரவேற்கும். எங்கட ஆட்கள் மண்டபத்துக் கார் நிறுத்துகிற இடத்தில் கல் அடுப்பு வைத்து, பனிக்குல்லாவும் கையுறையுமாய்ப் பானையைச் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தும். இரண்டு சனத்துக்கும் ஒரே சந்தோசம்.

நவமலர் மட்டும் அந்த வருசம் பொங்கலுக்குப் போகவில்லை.

அவளுடைய புருசன் குலேந்திரன், அதே மீன் பக்டரியில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டியவன், கடைசிச் சூரியன் போன மற்றக் கிழமை தன் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போனான். மத்தியானத்து நீல வெளிச்சத்தில் போன வள்ளம் பின்னேரம் கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. ஹெலிகொப்டர் பறந்தது, கப்பல் தேடியது, நோர்வேக்காரர் கரை நெடுகிலும் விளக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், பிறகு ஒருநாள் பொலிசுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நவமலரின் வாசலில் வந்து நின்றார். அவள் கதவைத் திறக்கவில்லை.

"வரேல்லை" என்றுதான் அவள் சொல்லுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதே சொல். "அவர் இன்னும் வரேல்லை." மற்றச் சொல்லை, அந்த இரண்டெழுத்துச் சாவை, அவள் வாயால் சொல்லவில்லை. அதுக்கு அவளிடம் காரணம் இருந்தது. சண்டையின் கடைசி மாதத்தில் அவளுடைய தம்பி காணாமல் போனான். ஊரில் அவளுடைய தாய் இன்றைக்கும் வாசல் கதவைப் பூட்டுவதில்லை, பொடியன் வந்து தட்டினால் தன் செவிட்டுக் காதுக்குக் கேட்காது என்று. செத்தவனுக்கு அழுதுவிட்டு எழும்பலாம். காணாமல் போனவனுக்கு அழவும் ஏலாது, எழும்பவும் ஏலாது. தாயின் தலையில் எழுதினது தன்னுடைய தலையிலும் எழுதியிருக்குமோ என்று நவமலர் பயந்தாள். அந்தப் பயத்தோடே அவள் இருட்டுக் காலம் முழுவதும் சோறு காய்ச்சினாள், வேலைக்குப் போனாள், பத்து வயது மகள் ஆரணிக்குச் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டாள்.

சூரியன் வருகிற அன்றைக்கு, பக்கத்து வீட்டுப் பெரித், மீன்பிடிகாரன் ஒருவனின் விதவை, வருசாவருசம் கொண்டுவருகிற பணிஸ் தட்டோடு வந்து நவமலரின் குசினியில் இருந்தாள். இரண்டு மலைகளுக்கு நடுவில் முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளாய் ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. அந்தக் கணமே பட்டினத்தில் உள்ள எல்லாத்துக்கும், விளக்குக் கம்பத்துக்கும் நாய்க்கும் தேவாலயக் கூரைக்கும், இரண்டு மாதமாய்க் காணாமல் போயிருந்த நிழல் முளைத்து, சரிவில் மேல்நோக்கி நீட்டி நிமிர்ந்து படுத்தது. அவற்றோடு இன்னொரு நிழலும் வந்தது. கடலின் நடுவில், ஒரு வள்ளமும் இல்லாத, ஒரு மனுசனும் இல்லாத இடத்தில் அது தொடங்கி, தண்ணீர் மேலால் ஓடி, இறங்குதுறையில் ஏறி, மீன் பக்டரிக் கூரையைத் தாண்டி, பஸ் றோட்டைக் கடந்து, சரிவுப் பனியில் நீண்டு நீண்டு, நவமலரின் வாசற்படிக்கு முன்னால் தலையை வைத்து நின்றது. காதுமூடித் தொப்பி, அதில் ஒரு காது மட்டும் மேலே தூக்கிவிட்டபடி. இடது தோள் கொஞ்சம் பதிவு. நிழல் கையைத் தூக்கிப் பிடரியைச் சொறிந்தது.

பெரித் யன்னலால் பார்த்தாள். பிறகு குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டாள்.

"குலேந்திரன் வந்திருக்கிறார். நீங்கள் கதையுங்கோ, நான் பிறகு வாறன்" என்று சொல்லி, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஊரில் அடுத்த வீட்டுக் குடும்ப விசயத்தில் தலையிடுகிற வழக்கம் இல்லை.

நவமலர் வெறுங்காலோடு பனிக்குள் ஓடினாள். நிழலின் தலைமாட்டில் குந்தி இருந்து, "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். தொப்பியைத் தடவினாள், கையில் பனிதான் ஒட்டியது. இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எல்லா நிழலும் போனது, அதுவும் போனது.

அடுத்தநாளும் வந்தது. அதற்கு அடுத்தநாளும். ஒரு கிழமைக்குள் பட்டினம் அதற்குப் பழகிவிட்டது. மனுசர் எதுக்குத்தான் பழகார்? நகராட்சி ஆட்கள் வழுக்கலுக்குக் கல்லுமணல் தூவும்போது அந்த நிழலில் படாமல் இரண்டு பக்கமும் ஒதுக்கித் தூவினார்கள். நாய் கொண்டு நடக்கிறவர்கள் நாய்ச்சங்கிலியைச் சுருக்கிப் பிடித்தார்கள். பக்டரிக் கூரைக்குக் குறுக்கே அவன் நெஞ்சு விழுகிற நேரத்துக்கு மத்தியானக் கோப்பி இடைவேளை மாற்றப்பட்டது. கூட வேலை செய்தவர்கள் வெளியில் வந்து அண்ணாந்து "ஹாய் குலேந்திரன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஆரணியிடம், "அப்பா வந்ததுக்குச் சந்தோசம்" என்று சொல்லி, மத்தியானத்தில் அரை மணித்தியாலம் வீட்டுக்குப் போய்வர அனுமதி குடுத்தாள். பஞ்சலிங்கம் அண்ணை அந்த இடத்துக்கு வந்ததும் பஸ்சை நிறுத்திவிடுவார். சூரியன் போகும் மட்டும் பஸ் அசையாது.

"கூட இருந்து திண்ட பொடியன். கழுத்திலை ரயர் ஏத்தச் சொல்லுறியளோ?" என்று தமிழில்தான் ஏசுவார். நோர்வேக்காரப் பயணிகளுக்கு விளங்காது, ஆனால் விளங்கும். பேசாமல் பேப்பர் வாசிப்பார்கள்.

நோர்வேக்காரர் இவ்வளவு பண்பாய் இருக்க, எங்கட சனம் சும்மா இருக்குமோ? மண்டபத்தில் இரண்டு கட்சியாயிற்று. ஆள் செத்துத்தான் போனான், அதுதான் ஆவி நிழலாய் வந்து நிற்கிறது என்று ஒரு கட்சி. ஆவிக்கு ஏதடா நிழல், நிழல் இருந்தால் உடம்பு இருக்கவேணும் என்று மற்றக் கட்சி. அடுத்த பிரச்சினை இன்னும் மோசம்: நவமலர் பொட்டு வைக்கலாமோ, வைக்கக் கூடாதோ? பங்குனியில் ஒரு பெட்டை பெரியவளாகிச் சாமத்திய வீடு வந்தது. ஆலாத்தி எடுக்க ஆள் கூப்பிட்டபோது, பஞ்சலிங்கம் அண்ணையின் பெண்சாதி புவனேசக்கா, வாய் இருக்கிற அளவுக்கு யோசனை இல்லாத மனுசி, "நவமலரைக் கூப்பிடுறதெண்டால் வெயில் எறிக்கிற நேரமாய்ப் பாத்துத்தான் கூப்பிடவேணும்" என்று பகிடி விட்டாள். சனம் சிரித்தது. நவமலர் எழும்பிப் போய் ஆலாத்தித் தட்டைத் தன் கையால் எடுத்தாள்.

"அவர் நிக்கிறார் புவனேசக்கா. எல்லாரும் கண்ணாலை பாக்கிறியள் தானே. செத்தவன் படுத்திருப்பான். நிக்கிறவனுக்குத்தான் இப்படி நிழல் விழும். உயிரோட நிக்கிற புருசனுக்கு நான் ஏன் பொட்டழிக்க?"

சிரித்த சனம் விலகி வழி விட்டது. ஏனென்றால் அது உண்மை. நிழல் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆனால் சூரியன் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் சூரியன் ஒரு சாண் மேலே போக, நிழல் ஒரு வீடு கீழே இறங்கியது. வாசற்படியில் இருந்த தலை வேலிக்குப் போனது, வேலியில் இருந்து பஸ் றோட்டுக்குப் போனது, பனி உருகிச் சேறும் சகதியுமான சித்திரையில் இறங்குதுறையையும் விட்டு இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. பட்டினம் முழுக்க வெயிலுக்கு மயங்கிக் கிடந்தது. கிழவர்கள் சுவரோடு கதிரை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள், பெட்டைகள் ஐஸ்கிறீம் தின்றார்கள், மரங்கள் ஒரு கிழமைக்குள் பச்சையாகின. நவமலர் ஒருத்திதான் இறங்குதுறையின் தொங்கலில் நின்று சூரியனைப் பார்த்து மண் அள்ளித் திட்டினாள்.

"நீ நாசமாய்ப் போக! ஏறாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறன்! நீ ஏற ஏற என்ர மனிசன் குறையிறார்!"

சூரியன் கேட்குமோ? வைகாசியில் அது இறங்குவதையே விட்டுவிட்டது. இப்போது நிழல் கடலில் கடிகாரக் கம்பியாய்ச் சுற்றியது. காலமை மேற்கே கிடக்கும், மத்தியானம் கட்டையாகி வடக்கே கரையைப் பார்த்துக் கிடக்கும், நடுச்சாமத்தில், அந்த வெளிச்ச நடுச்சாமத்தில், தெற்கே நீண்டு பட்டினத்துக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். உல்லாசக் கப்பல்கள் அதைச் சுற்றி விலத்திப் போயின. நவமலர் கறுப்புத் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தாலும் அது இப்போது எந்தப் பக்கம் கிடக்கும் என்று உடம்புக்குத் தெரியும், நித்திரை வராது.

பொலிசுக்காரர் சுழியோடிகளைக் கொண்டு வந்தார்கள். நிழல் எந்தப் பக்கம் சுற்றினாலும் பாதம் அசையாத ஒரு இடம் இருந்ததே, அந்த இடத்தில் இறங்கினார்கள். மணலும் கடற்பாசியும்தான் கிடந்தது என்று ஏறி வந்து சொன்னார்கள்.

ஆனி நடுவில், சூரியன் இதுக்கு மேலே ஏற இடமில்லை என்கிற அன்றைய மத்தியானம், பெரித் தன் புருசனின் பழைய வள்ளத்தைக் கடலில் இறக்கினாள். நவமலரை முன்னுக்கு இருத்திவிட்டுத் தானே தண்டு வலித்தாள். கடல் அசைவில்லாமல் கிடந்தது. நடுவில் அந்த நிழல், ஒரு ஆள் உயரத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு, தண்ணீரின் மேல் கிடந்தது. அதன் பாதம் தொடங்குகிற இடத்துக்கு மேலே வெறும் வெயில்.

நவமலர் எழும்பி நின்றாள். வள்ளம் ஆடியது. அவள் இரண்டு கையையும் விரித்து, அவன் நிற்கவேண்டிய இடத்தைக் கட்டிப் பிடித்தாள். தண்ணீரில் அவளுடைய நிழல் அவனுடைய நிழலைக் கட்டிப் பிடித்தது, இரண்டும் ஒன்றாகின, அவனுடைய நிழற்கை எழும்பி அவளுடைய நிழலின் முதுகைத் தடவியது. அவளுடைய கைக்குள் ஒன்றுமில்லை. அந்த இடத்துக் காற்றுக்கு வேறு சூடோ வேறு குளிரோ கூட இல்லை. அவள் முதுகில் ஒருவரும் தொடவில்லை.

"வாங்கோவன்!" என்று குழறினாள். "வாறதெண்டால் வாங்கோ! இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லித் துலையுங்கோ! அம்மாவைப் போல என்னையும் வைச்சிட்டுப் போகாதேங்கோ!"

குரல் மலைகளில் பட்டு இரண்டு தரம் திரும்பி வந்தது. பெரித் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"என்ர புருசனைக் கடல் திருப்பித் தந்தது. பாக்கேலாத கோலத்திலை தந்தது. ஆனால் தந்தது" என்றாள் பெரித். பிறகு தண்டு வலித்து வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினாள். 

ஆவணியில் முதல் இருட்டு வந்தது. புரட்டாதியில் இலை பழுத்துக் காற்றில் பறந்தது. ஐப்பசியில் மலைமுடியில் வெள்ளை விழுந்து, ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே இறங்கி வந்தது. சூரியனும் இறங்கியது, இறங்க இறங்க நிழல் மறுபடி இறங்குதுறையில் ஏறி, பக்டரியைத் தாண்டி, வீட்டுக்கு வீடு சரிவில் ஏறிக் கிட்ட வந்தது. நவமலருக்குச் சந்தோசப்படவும் தெரியவில்லை. நிழல் கிட்ட வருவதும் சூரியன் போவதும் ஒன்றுதானே. வாசற்படிக்கு அவன் தலை வந்து சேருகிற அன்றைக்கு வெயில் காலம் முடிந்துவிடும். பிறகு இரண்டு மாத இருட்டு. அதுக்குப் பிறகு வருவானோ மாட்டானோ, ஆர் கண்டது?

அந்த நேரம்தான் பஞ்சலிங்கம் அண்ணை வந்தார். வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, வருசம் முட்டுது. திவசம் குடுக்கவேணும். திவசம் குடுக்கிறதெண்டால் அதுக்கு முதல் செத்தவீடு செய்யவேணும். நாங்கள் ஒண்டும் செய்யேல்லை."

"செத்தவீடு செத்தவைக்கு அண்ணை. அவர் நிக்கிறார்."

"நிக்கிறதெல்லாம் உயிரோட நிக்கிறதில்லை, பிள்ளை."

"அப்ப நிரூபியுங்கோ!" அவள் சத்தம் போட்டாள். "உயிர் இல்லையெண்டு ஆராவது ஒராள் எனக்கு நிரூபியுங்கோ, நான் இந்தக் கணமே தாலியைக் கழட்டுறன்! ஒருத்தருக்கும் ஏலாது. உங்களுக்கும் ஏலாது, பொலிசுக்கும் ஏலாது. பிறகென்ன கதை?"

பஞ்சலிங்கம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு போனார். குசினி மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஆரணி பென்சிலை வைத்தாள்.

"அம்மா, அப்பா ஒருநாளும் இருக்கேல்லை" என்றாள்.

"என்ன?"

"வந்த நாளிலை இருந்து நிக்கிறார். ஒருக்காலும் இருந்து நான் பாக்கேல்லை, படுத்தும் பாக்கேல்லை. வெயில் காலம் முழுக்க இரவும் நிண்டவர். அவருக்குக் கால் உளையாதா அம்மா?"

 அன்று இரவு நவமலர், நாளாந்தம் புருசனுக்கென்று சோறு போட்டு வைக்கும் பிளேட்டைக் கழுவாமல் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தாள். காலமை எழும்பும்போது முடிவெடுத்திருந்தாள். அவளே பஞ்சலிங்கம் அண்ணைக்குப் போன் எடுத்தாள்.

"கடைசிச் சூரியன் அண்டைக்கு எல்லாரும் வாங்கோ. நான் அவருக்குச் சோறு குழைச்சு வாயிலை வைக்கப்போறன். உயிரோட இருக்கிறவன் சோறு தின்பான். திண்டாரெண்டால் இனி ஒருத்தரும் என்னட்டை வாய் திறக்கக் கூடாது."

"தின்னாட்டி?"

"தின்பார்."

பஞ்சலிங்கம் அண்ணை போனை வைத்துவிட்டு, குசினிக்குள் போய், வாளியைத் திறந்து ஒரு பிடி பச்சையரிசி எடுத்து, குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். சோறு உயிரோடு இருக்கிறவனுக்கு. செத்தவன் வாயில் போடுகிறது அரிசி. அது ஆருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

பிறகு வானம் மூடிக்கொண்டது. தென்மேற்குக் காற்று ஒரு கிழமையாய் அடித்தது. பனியும் மழையும் கலந்து கொட்டியது, மலை எது கடல் எது என்று தெரியவில்லை. முழுப் பட்டினமும் யன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் காலநிலை சொல்லுகிற பெட்டை, "குலேந்திரன் குடும்பத்துக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை" என்று மன்னிப்புக் கேட்டாள். கடைசி நாள் காலமை நகராட்சி வண்டி, ஒருவரும் கேட்காமலே, கடற்கரையில் இருந்து நவமலரின் வாசல் வரைக்கும் சரிவுப் பனியை மேடுபள்ளம் இல்லாமல் தட்டி விட்டுப் போனது. தேவாலயத்தில் மணி அடித்தது. மண்டபத்துச் சனம் எல்லாம், இரண்டு கட்சியும், கறுப்புக் குளிர்ச்சட்டைகளோடு வந்து சரிவில் நின்றது. புவனேசக்கா, மற்றவர்கள் தொடங்கவேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், தேவாரம் தொடங்கி, அரைவாசியில் நிறுத்தினாள்.

மத்தியானம் முகில் கிழிந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவில், சிவப்பாய், அரைத் துண்டு.

நிழல் வந்தது. கடலில் இருந்து ஏறி, துறையைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பஸ்சை நிறுத்தி வைத்திருந்த றோட்டைத் தாண்டி, சனத்தின் கால்களுக்கு நடுவால் சரிந்து வந்து, நவமலரின் வாசற்படிக்கு முன்னால் பனியில் தலையைச் சாய்த்தது. நவமலர் முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் சட்டி, தொர்ஸ்க் என்கிற அந்த ஊர் மீனை ஊர்ப்புளி விட்டு அவள் வைத்த குழம்பு ஆவி பறந்தது. சோற்றைக் குழைத்து உருட்டிக் கையில் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, நான்தான். இண்டைக்கு ஒருக்கால் முகத்தைக் காட்டுங்கோ."

வருசம் முழுக்கத் தொப்பியும் தோளுமாய் மட்டும் கிடந்த நிழல் மெல்லத் திரும்பியது. பனியில் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, உதடு வந்தது, தாடை வந்தது. சனத்துக்குள் ஒருத்தி விம்மினாள். நவமலர் உருண்டையை அந்த உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

உதடு மூடியிருந்தது.

"சாப்பிடுங்கோ. புளி கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாய். ஒரே ஒரு வாய். என்ர ராசா எல்லோ, திறவுங்கோ." சோறு உதிர்ந்து பனியில் விழுந்தது. உதடு மூடியபடியே இருந்தது. "பிடிவாதம் பிடியாதேங்கோ! இவ்வளவு சனமும் பாக்குது! திறவுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்! ஐயோ, வாயைத் திறவுங்கோ!"

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது.  பஞ்சலிங்கம் அண்ணையின் கை பொக்கற்றுக்குள் இருந்தது, பொக்கற் விளிம்பில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை, பெரிய மனுசன் அழுதுகொண்டு நின்றார். ஆரணிதான் போனாள். அவருடைய கையைப் பிடித்து வெளியில் இழுத்து, பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து, அரிசியை எடுத்துக்கொண்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

அரிசியைக் கண்டதும் நிழல் வாயைத் திறந்தது. பசித்த பிள்ளை திறக்குமே, அப்படித் திறந்தது.

"இல்லை!" என்று நவமலர் பாய்ந்து தன் கையால் அந்த வாயைப் பொத்தினாள். பொத்தினால் நிற்குமோ? நிழல் அவளுடைய கைக்கு மேலே ஏறி விழுந்தது. அவளுடைய புறங்கையில், நரம்புகளுக்கு நடுவில், அவனுடைய வாய் அப்படியே திறந்தபடி இருந்தது.

"அம்மா, கையை எடுங்கோ" என்றாள் ஆரணி.

அவள் எடுக்கவில்லை. எடுக்க அவளுக்குப் பலம் இல்லை. பெட்டை கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், சூரியனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தாயின் புறங்கையிலேயே, அந்த வாய்க்குள், மூன்று தரம் அரிசி போட்டாள்.

வாய் மூடியது. நிழல் முதல்முறையாக முழங்காலை மடித்தது. துறையில் கிடந்த இடுப்பு மடங்க, கடலில் கிடந்த கால்கள் மடங்க, நீட்டி நிமிர்ந்து நின்ற அந்த நிழல் மெல்ல மெல்லக் கடலை நோக்கிப் பதிந்து போனது, நின்று நின்று களைத்த ஒருவன் இருந்து, பிறகு படுப்பதுபோல. சூரியன் போகவில்லை இன்னும். எல்லாருடைய நிழலும் சரிவில் கிடந்தது. அவனுடையது மட்டும் இல்லை.

நவமலர் கையை உதறவில்லை. அரிசி புறங்கையில் ஒட்டியிருக்க, அந்தக் கையைத் தூக்கி நெஞ்சில் ஒருதரம் அடித்தாள், பிறகு மற்றக் கையாலும் அடித்தாள், பிறகு முழுச் சரிவுக்கும் கேட்க, "செத்துப்போனார்! என்ர மனிசன் செத்துப்போனார்!" என்று வாய்விட்டு அழத் தொடங்கினாள்.